1911 பிஸ்டலுக்கு ரீகாயில் ஸ்பிரிங் மாற்றுவது: ஆற அமர

அமெரிக்காவில் 1911 வகை பிஸ்டல் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும் முதல் பழுதுவேலை ரீகாயில் ஸ்பிரிங் (சுட்டதும் பின்னால் ஓடும் மேல்பாகமான ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் சுருள்வில்) மாற்றுவதுதான். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கவே தனி உரிமம் வேண்டும். அங்கே இருப்பவர்கள் இதைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

சுட்ட காலி உறைகள் முன்பைவிடத் தூரமாகப் போய் விழுந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று பொருள். 5 அங்குல பேரல், 45 ஏசிபி தோட்டா என்றால் வழக்கமான ஸ்பிரிங் 16 பவுண்டு. பலமாக இருக்கட்டும் என்று 20 பவுண்டு போட்டால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் நின்றுவிடலாம். காலி உறை வெளியேறும் வாயிலேயே சிக்கலாம்.

மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டி, தோட்டா அறையைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவுங்கள். மேகசினை முதலில் எடுக்காமல் ஸ்லைடை இழுத்து விட்டால், ஒரு தோட்டா வெளியே வந்து விழ, அடுத்தது உள்ளே ஏறிவிடும். எல்லாத் தோட்டாக்களும் வேறு அறைக்குப் போகட்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அடுத்த வேலையைத் தொடாதீர்கள்.

ஸ்லைடை முன்னுக்கு விட்டபின், பேரல் முனைக்குக் கீழே உள்ள மூடியைக் கட்டைவிரலால் அழுத்தியபடி புஷிங்கை (பேரல் முனையைச் சுற்றியுள்ள வளையம்) கால் சுற்று திருப்பவும். மூடிக்குப் பின்னால் ஸ்பிரிங் முழு விசையோடு காத்திருக்கிறது. விரல் வழுக்கினால் மூடி கண்ணுக்குப் பாயும், இல்லையென்றால் அலமாரிக்கு அடியில் போய் ஒளியும். பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு வேலை செய்தால் எது பறந்தாலும் பைக்குள்ளேயே இருக்கும். (ஸ்பிரிங்குக்குள் செல்லும் தண்டு முழுநீளமாக உள்ள மாடல்களுக்கு வழி வேறு; அதன் கையேட்டைப் பாருங்கள்.)

ஸ்லைடில் உள்ள சின்ன அரைவட்ட வெட்டு ஸ்லைடு ஸ்டாப்புக்கு (ஸ்லைடைப் பின்னால் பூட்டி நிறுத்தும் நெம்பு) நேராக வரும்வரை பின்னுக்கு இழுத்து, வலப்பக்கம் தெரியும் அதன் ஊசிமுனையை உள்ளே தள்ளினால் ஸ்டாப் இடப்பக்கமாக வெளிவரும். ஸ்லைடை முன்னால் உருவி எடுத்து ஸ்பிரிங்கை மாற்றலாம். புது ஸ்பிரிங்கின் இறுக்கமான முனை தண்டின் பக்கம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பழையது குட்டையாகியிருக்கும்.

திரும்பப் பூட்டும்போதுதான் பொறுமை போகும். ஸ்லைடு ஸ்டாப் சட்டென்று உள்ளே இறங்காது. அதை மேலும் கீழும் ஆட்டித் திணிப்பவர்கள் சட்டத்தின் (ஃபிரேமின்) இடப்பக்கம் வளைவாக ஒரு கீறல் போட்டுவிடுகிறார்கள். முட்டாள் கீறல் என்றே அதற்குப் பெயர், வாழ்நாள் முழுக்கத் தெரியும். முதலில் அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பேரலின் கீழே தொங்கும் லிங்க் என்ற சின்னத் துண்டின் துளையும் சட்டத்தின் துளையும் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்டாப்பை மறிக்கும் சின்ன பிளஞ்சரை (ஸ்பிரிங் தள்ளும் குட்டி ஊசி) பழைய பிளாஸ்டிக் அட்டையின் மூலையால் உள்ளே அழுத்திக்கொண்டு தள்ளினால் டிக்கென்று அமரும். அமரவில்லையென்றால் சுத்தியலைத் தேடாதீர்கள், கழற்றி மறுபடி பாருங்கள்.

எண்ணெய் ஸ்லைடின் தடங்களுக்கும் புஷிங்குக்கும் ஒரு சொட்டு போதும். ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) துளைக்குள் விட்டால் கரியும் தூசியும் பசையாகிவிடும்.

ட்ரிகரை இலகுவாக்குகிறேன் என்று சீயரையோ (ஹேமரைப் பிடித்து நிறுத்தும் பாகம்) ஹேமர் கொக்கியையோ அரம் தொடவே கூடாது. கொஞ்சம் அதிகமாக அரைபட்டாலும் ஸ்லைடு அடிக்கும் அதிர்வில் ஹேமர் தானாக விழக்கூடும். அது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை.

திரும்பப் பூட்டி முடித்ததும், தோட்டா இல்லாமல், பாதுகாப்பான திசையை நோக்கி: ஹேமரை ஏற்றி சேஃப்டி போட்டு ட்ரிகரை அழுத்துங்கள், விழக்கூடாது. ட்ரிகரை விட்டுவிட்டு சேஃப்டியை எடுக்கும்போதும் ஹேமர் அசையக்கூடாது. பின்பிடி சேஃப்டியை அழுத்தாமலும் இப்படியே பாருங்கள். சுடுமிடத்தில் முதல்முறை மேகசினில் இரண்டே தோட்டா போடுங்கள். ஒரு அழுத்தலில் இரண்டும் வெடித்தால் அத்தோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். சரியாக இருந்தால் காலி உறைகள் பழையபடி பக்கத்தில் விழும்.