வெளிநாட்டில் இரவு வெளியே போகும்போது நம்மூர்ப் பிள்ளைகள் விடும் பிழைகள்

மட்டக்களப்பில் இரவு வெளியே போவதென்றால் என்ன? கல்லடிக் கடற்கரையில் கொஞ்ச நேரம், பழைய பாலத்தில் காற்று வாங்கல், வரும் வழியில் ஒரு கொத்து. கோயில் சடங்குக் காலம் என்றால் விடிய விடியக் கூத்து. மற்ற நாட்களில் பத்து மணி தாண்டினால் டவுன் அடங்கிவிடும். எந்தச் சந்தியில் நின்றாலும் யாராவது ஒருவருக்கு நம்மைத் தெரியும். தலை சுற்றி விழுந்தாலும் "இவன் இன்னாருட மகன்தானே" என்று ஓட்டோவில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள். மறுநாள் அது ஊர்க்கதை ஆகும், அது வேறு.

லண்டனில் நாலு வருடம் இருந்துவிட்டு வந்தவன் என்பதால், வெளிநாடு போகப்போகும் தம்பி தங்கச்சிமார் என்னிடம் விசாவையும் வாடகையையும் பற்றிக் கேட்பார்கள். இரவு வெளியே போவது பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் போன முதல் மாதத்திலேயே வேலையிடத்தில் யாராவது கூப்பிடத்தான் போகிறார்கள். போங்கள். அறைக்குள் சுருண்டு கிடந்து போனைப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ நல்லது. ஒன்றுதான், அங்கே ஏற்றி இறக்க ஊர் கிடையாது. நான் விட்ட பிழைகளிலும் பார்த்த பிழைகளிலும் பாதிக்கு மேல் இதை மறந்ததால் வந்தவை.

திரும்பி வரும் வழியை யோசிக்காமல் புறப்படுவதில் இருந்தே அது தொடங்குகிறது. லண்டனில் நிலக்கீழ் ரயில் நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். 2016 முதல் வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ஓடும் ரயிலும் உண்டு. அது சென்ட்ரல், ஜூபிலி, நோர்தர்ன், பிக்காடில்லி, விக்டோரியா ஆகிய ஐந்து பாதைகளில் மட்டும்தான். நம்மாட்கள் நிறையப் பேர் இருக்கும் ஈஸ்ட்ஹாமுக்குப் போகிற டிஸ்ட்ரிக்ட் பாதை அதில் இல்லை. அங்கே இருந்த எனக்கு இது தெரியாது. ஒரு ஜனவரி இரவு ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை ரயிலில் வந்து இறங்கியபோது போனில் சார்ஜும் இல்லை. வங்கிக் கார்டைப் போனிலேயே ஏற்றிக் காசு கட்டிப் பழகிவிட்டேன், கையில் இருந்தது ஒரு பத்து பவுண் தாள். லண்டன் பஸ்ஸில் 2014 முதல் காசு வாங்குவதில்லை. சாரதி தாளைப் பார்த்துத் தலையாட்டினார், கதவு மூடியது. மறுகா என்ன, நடைதான். ஒரு மணித்தியாலம். அன்றைக்கு இரண்டு பியர் குடித்திருந்ததால் குளிர் தெரியாத மாதிரி இருந்தது. அதுவும் ஏமாற்று. மது உள்ளே போனால் தோலுக்குக் கீழ் இருக்கும் இரத்தக் குழாய்கள் விரிந்து சூடு வெளியே போகும். உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கும்போதே நமக்குச் சூடாக இருப்பதுபோலப் படும். அதிலிருந்து பிளாஸ்டிக் கார்ட் ஒன்றைச் சட்டைப் பையில் தனியாக வைத்திருப்பேன்.

தெருவில் நின்று "டாக்ஸி வேணுமா" என்று கேட்கிற காரில் ஏறவே ஏறாதீர்கள். லண்டனில் கைகாட்டி மறிக்கலாம் என்றால் கறுப்பு கேப் மட்டும்தான். மற்ற வாடகைக் கார் எல்லாம் முன்கூட்டியே புக் பண்ணியிருக்க வேண்டும்.

பப்பில் நான் விட்ட பிழையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கும். முதல் தடவை போய், மேசையில் உட்கார்ந்து, யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள் எனக் காத்திருந்தேன். பெரும்பாலான பப்களில் யாரும் வரமாட்டார்கள், நாமே கவுண்டருக்குப் போய் வாங்க வேண்டும். பிறகு கூட வந்தவர்களில் ஒருவர் எழுந்து ஐந்து பேருக்கும் வாங்கி வந்தார். எனக்குக் கோக். அடுத்த முறை இன்னொருவர். அதற்கடுத்து வேறொருவர். நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டு மூன்று கோக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிக் கிளம்பி வந்துவிட்டேன். அங்கே அது முறைவாரம். ஒருவர் வாங்கினால் மற்றவரும் தன் முறைக்கு எல்லாருக்கும் வாங்க வேண்டும். பிறகு இரண்டு மாதம் என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. நம்மூரில் கூட்டிப்போனவர்தான் முழுக் காசும் கட்டுவார், அதையே அங்கும் எதிர்பார்த்திருக்கிறேன்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கெத்துக் காட்டி முதல் நாளே முழுக் கூட்டத்துக்கும் இரண்டு முறை வாங்கிவிட்டு, மிச்ச வாரம் பாணும் பருப்பும் சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். பெரிய கூட்டம் என்றால் "நான் எனக்கு மட்டும் வாங்கிக்கிறேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். யாரும் கோபிக்கமாட்டார்கள். அங்கே ஒரு பைன்ட் என்பது 568 மில்லிலீட்டர். கூட வருகிறவரின் வேகத்துக்கு நீங்கள் குடிக்கத் தேவையில்லை. குடிக்கவே வேண்டும் என்றும் இல்லை, கோக்கும் முறைவாரத்தில் சேர்த்திதான்.

சாப்பாட்டில் நம்மாட்களின் பிழை அகம்பாவம். அக்கரைப்பற்று நண்பன் ஒருவன், பச்சை மிளகாயைக் கடித்துச் சோறு தின்கிறவன், ஜப்பானியக் கடையில் தட்டின் மூலையில் இருந்த பச்சை உருண்டையைப் பார்த்து "கொத்தமல்லிச் சம்பல்டா" என்று முழுதாக வாயில் போட்டான். அது வசாபி. மிளகாய் நாக்கில் எரியும், தயிர் குடித்துச் சமாளிக்கலாம். வசாபியின் காரம் ஆவியாகி மூக்குக்குள் ஏறுகிறது, கடுகு மாதிரி. அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான், கண்ணீர் சட்டையில் வடிந்தது. நல்லகாலம், ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். பன்றி, மாடு சாப்பிடாதவர்களும் ஹலால் பார்ப்பவர்களும் ஓடர் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். கேட்க வெட்கப்பட்டுச் சாப்பிட்டுவிட்டு, பிறகு மனம் குழம்புவதுதான் பெரிய கரைச்சல்.

இனிச் சிரிக்க முடியாத பிழைகள். பார்ட்டியில் பலூனில் சிரிப்பு வாயு இழுக்கக் கொடுப்பார்கள், "இது ஒன்றுமில்லை, சிரிப்பு வரும்" என்பார்கள். பிரிட்டனில் 2023 நவம்பரில் இருந்து அது சி வகைப் போதைப்பொருள், இழுக்கும் நோக்கத்தோடு கையில் வைத்திருந்தாலே குற்றம். பொலிஸ் எச்சரித்து விட்டாலும்கூட, அடுத்த விசா விண்ணப்பத்தில் அதைப் பற்றிக் கேள்வி இருக்கிறது. வாகனமும் அப்படித்தான். இங்கிலாந்தில் 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுதான் எல்லை, ஸ்கொட்லாந்தில் 50. பிடிபட்டுத் தண்டனை பெற்றால் குறைந்தது ஒரு வருடம் ஓட்ட முடியாது. டெலிவரி வேலை செய்கிறவனுக்கு அதோடு சோறு போயிற்று.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். குவைத்தில் மது முழுத் தடை. தடை இருக்கிற இடத்தில் அறைகளில் காய்ச்சியது கைமாறும். 2025 ஆகஸ்டில் அங்கே கலப்படச் சாராயம் குடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் ஆசியத் தொழிலாளர்கள். அதில் இருந்தது மெதனோல் என்ற நச்சு ஆல்கஹோல். மணத்திலோ சுவையிலோ பிடிக்க முடியாது. உடம்புக்குள் ஃபோர்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். பல மணித்தியாலம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்று வலியும் வரும், பார்வை மங்கும். வெறி இறங்காத தலைவலி என்று படுத்துவிடுவார்கள், போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. நேரத்தோடு போனால் மாற்று மருந்து இருக்கிறது.

தங்கச்சிமாருக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் சொல்கிறேன்: கிளாஸை மேசையில் விட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போனால், திரும்பி வந்து அதைக் குடிக்க வேண்டாம், யாராவது மருந்து கலந்திருக்கலாம். குடித்த அளவுக்கு மீறிக் கால் தள்ளாடினால் கூட வந்தவரிடம் உடனே சொல்லுங்கள். இப்படிக் கலந்து கொடுக்கும் மருந்துகளில் சில, சிறுநீரில் அரை நாள்கூடத் தங்காது, அதனால் பொலிஸிடம் போவதையும் தள்ளிப்போடக் கூடாது. பிரிட்டனின் பல பப்களில், யாராவது தொல்லை தந்தால் கவுண்டரில் போய் "ஏஞ்சலா இருக்கிறாரா?" என்று கேட்டால் போதும். அவர்களுக்கு விளங்கும், டாக்ஸி எடுத்துத் தருவதோ பின்கதவால் அனுப்புவதோ செய்வார்கள்.

கடைசியாக ஒன்று, எல்லாரும் விடுகிற பிழை. குளிர்காலத்தில் லண்டனில் இரவு ஒரு மணி என்றால் மட்டக்களப்பில் காலை ஆறரை. நீங்கள் கிளப்பை விட்டு வெளியே வரும் நேரத்தில் அம்மா முற்றம் கூட்டி முடித்து, தேத்தண்ணியோடு திண்ணையில் இருந்து போனைக் கையில் எடுப்பார். வீடியோ கோல் வரும். எடுக்காதீர்கள். நான் ஒருமுறை எடுத்தேன். "பின்னால என்ன மனே சத்தம்? கோயிலா?" என்றார்.