சைக்கிளோடு யாழ்ப்பாணம் வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்லூர்த் திருவிழாக் காலம் நெருங்க நெருங்க எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கும். லண்டனில் இருந்தோ ரொறன்ரோவில் இருந்தோ யாராவது ஒருவர், "அண்ணை, இந்தமுறை சைக்கிளையும் கொண்டு வாறம்" என்று சந்தோஷமாகச் சொல்வார். எந்தப் பெட்டியில் வைப்பது, விமான நிறுவனம் எவ்வளவு அறவிடும், எத்தனை கிலோ விடுவார்கள் என்று எல்லாம் விசாரித்து முடித்திருப்பார். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கினபிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால் மட்டும், "அதுக்கு ஒரு வான் பிடிச்சால் சரிதானே" என்பார்.

கழற்றிப் பெட்டியில் வந்து சேரும் சைக்கிள்களை மறுபடி பூட்டிக் கொடுப்பது என் வேலை. பெட்டியைத் திறந்ததும் எங்கே அடிபட்டிருக்கிறது, எப்படி அடிபட்டிருக்கிறது என்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். நான் பார்த்தவரையில் விமானத்தில் சேதமானவை குறைவு. கட்டுநாயக்கவுக்கும் வீட்டுக்கும் இடையில் சேதமானவைதான் கூட. நாங்கள் எல்லாரும் ஆரம்பத்தில் விட்ட அதே பிழைகளைப் புதிதாக வருபவர்கள் வருடாவருடம் விடுவதைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. பெடலைக் கழற்றுவது, ஹாண்டிலைத் திருப்பி வைப்பது, ரயரில் காற்றைக் கொஞ்சம் குறைப்பது போன்றவற்றை நான் இங்கே எழுதவில்லை. அவை எல்லாருக்கும் தெரியும்.

பெட்டியில் இடம் இருக்கிறதே என்று சாமான் அடைப்பது

சைக்கிள் பெட்டிக்குள் இடைவெளி கண்ணில் பட்டதும் ஊருக்குக் கொண்டுவரும் சாமான் எல்லாம் அதற்குள் இறங்கிவிடும். உடுப்பு வைத்தால் நல்லது, அது மெத்தை போலத் தாங்கும். ஆனால் ஷாம்பூ போத்தல், பால்மா ரின், சப்பாத்து என்று வைத்தால் அவை வழி முழுக்க உள்ளே உருண்டு சட்டத்தை இடித்துக்கொண்டே வரும். பாரமும் ஏறும். பொதுவாக ஒரு பொதிக்கு 23 கிலோ, கூடுதல் பணம் கட்டினாலும் 32 கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள். அந்த 32 கிலோப் பெட்டியை இறங்கிய இடத்தில் ஒருவர் தனியாக வானில் தூக்கி வைக்க முடியாது. இழுப்பார்கள், சாய்ப்பார்கள், ஒரு மூலையில் போடுவார்கள். அந்த மூலையில்தான் பின்கியர் இருக்கும்.

ஆள் கணக்கில் வான் பிடிப்பது

இதுதான் பெரிய தவறு. இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான், ஏனென்றால் இதைத் தவிர்க்க ஒரு அளவு நாடாவும் ஒரு வாட்ஸ்அப் செய்தியும் போதும்.

கனடாவில் இருந்து சகோதரர்கள் இரண்டு பேர் குடும்பத்தோடு வந்தார்கள். பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் மூன்று பேர், சூட்கேஸ் ஒரு குவியல், சைக்கிள் பெட்டி மூன்று. ஊரில் இருந்த உறவுக்காரர் பதினாலு சீட் வான் ஒன்றைப் பேசி வைத்திருந்தார். சாரதியிடம் அவர் சொன்னது, "ஏழு பேர், கொஞ்சம் சாமானும் இருக்கு." சாரதி சொன்னது, "ஓம் அண்ணை, அதெல்லாம் கொள்ளும்." பதினாலு சீட்டில் ஏழு பேர்தானே, பாதி வான் வெறுமையாக இருக்கும் என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டன.

சீட் வெறுமையாக இருந்தால் பெட்டிக்கு இடம் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. சாதாரண சைக்கிள் மட்டைப்பெட்டி ஒன்று ஏறக்குறைய 140 சென்ரிமீற்றர் நீளம், 80 சென்ரிமீற்றர் உயரம், 20 முதல் 25 சென்ரிமீற்றர் அகலம். சாதாரண அகல ஹையேஸ் வானின் வெளி அகலமே கிட்டத்தட்ட 170 சென்ரிமீற்றர்தான். பக்கத் தகடுகள், உள்ளே எழும்பி நிற்கும் சில்லு மேடு எல்லாம் கழித்தால், கடைசி சீட்டுக்குப் பின்னால் பெட்டி குறுக்காக நிற்கலாம், நிற்காமலும் போகலாம். பின் வரிசை சீட் பூட்டியபடியே இருந்தால் அங்கே சூட்கேஸ்களுக்கே இடம் காணாது.

நடந்தது என்னவென்றால், நடுச்சாமத்தில், பிள்ளைகள் தூக்கத்தில் அழ, வாகனத்தை எடுக்கச் சொல்லிப் பின்னால் நிற்பவர்கள் ஹோன் அடிக்க, இரண்டு பெட்டிகளைக் கூரைக் கரியரில் படுக்க வைத்தார்கள். அவற்றுக்கு மேலே சூட்கேஸ்களை அடுக்கி நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். மூன்றாவது பெட்டி பின் சீட்டில் படுத்தது, அதன் மேலும் சூட்கேஸ். அப்படியே புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று ஏழெட்டு மணித்தியாலம் ஓடி வந்தார்கள்.

கோப்பாயில் அவர்கள் வீட்டு விறாந்தையில் வைத்துப் பெட்டிகளைத் திறந்தேன். முதலாவதில் பின்கியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹாங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு உள்பக்கம் வளைந்திருந்தது, டிஸ்க் பிரேக் தட்டும் வளைந்திருந்தது. இரண்டாவதில் முன்சில்லைக் கழற்றிய இடத்தில் இடைத்தாங்கி வைக்கவில்லை. மேலே இருந்த பாரத்தில் முன்சில்லைப் பிடிக்கும் போர்க்கின் இரண்டு கால்களும் ஒன்றையொன்று நெருங்கியிருந்தன. மூன்றாவது கார்பன் சட்டம். பின்சில்லுக்குப் போகும் கீழ்க்குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அதை ஓட முடியாது. கார்பன் வெடித்தால் ஒட்டிப் பார்ப்போம், மெல்ல ஓடிப் பார்ப்போம் என்ற கதைக்கே இடமில்லை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே முறியலாம்.

ஹாங்கரை ஒருமுறை மெதுவாக நிமிர்த்தலாம். இரண்டாம் முறை நிமிர்த்தப் போனால் முறிந்துவிடும். புதிதாக வாங்கலாம் என்றால், அந்தத் துண்டு பெரும்பாலும் ஒவ்வொரு சைக்கிளுக்கும் வேறுவேறு வடிவம். யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்கள் உள்ளூர் லுமாலா சைக்கிளைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டுவார்கள், ஆனால் இந்தத் துண்டை அவர்கள் எங்கே போய் எடுப்பது? கொழும்பிலும் கிடைக்கவில்லை. பருத்தித்துறை, காரைநகர், ஊர்காவற்றுறை, குறிகட்டுவான் என்று ஆசையாகப் பாதை வரைந்து வைத்திருந்த இளைய சகோதரர், விடுமுறை முடியும்வரை பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய்வந்தார். அவருடைய சைக்கிள்தான் மூன்றாவது.

எல்லாரும் சாரதியை ஏசினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும், மேலே பாரம் வைக்கலாமா என்று அந்த மனிதனுக்கு யார் சொன்னார்கள்? அவருக்குத் தெரிந்தது சாமானை விழாமல் கட்டுவது. அதை அவர் நன்றாகவே செய்திருந்தார்.

அதனால் வான் பேசும்போது ஆள் கணக்கைக் கடைசியாகச் சொல்லுங்கள். முதலில் பெட்டி எத்தனை, அதன் நீளம், உயரம், அகலம் என்ன என்று எழுதி அனுப்புங்கள். பின் வரிசை சீட்டைக் கழற்றவோ மடக்கவோ முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால், அதைச் செய்தபின் வானின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படம் வராமல் முற்பணம் அனுப்பாதீர்கள். "கொள்ளும்" என்ற பதிலை நம்பிப் புறப்படாதீர்கள். அதைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவர் கண்ணால் காணாத பெட்டியைப் பற்றிச் சொல்கிறார். படத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் இரண்டு வாகனம் பிடியுங்கள். ஆட்களுக்கு ஒரு கார், சாமானுக்கு ஒரு வான். செலவு கூடும்தான், ஆனால் ஒரு கார்பன் சட்டத்தின் விலையோடு வைத்துப் பாருங்கள்.

ஏற்றும்போது சைக்கிள் பெட்டி முதலில் ஏற வேண்டும், நிமிர்ந்து நிற்க வேண்டும், செயின் பக்கம் சுவரைப் பார்க்காமல் மெத்தையான பக்கத்தைப் பார்க்க வேண்டும். சூட்கேஸ்கள் அதை விழாமல் முட்டுக் கொடுக்கலாம், மேலே ஏறக்கூடாது. பெட்டியின் இரண்டு பக்கமும் "மேலே பாரம் வைக்க வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். விமான நிலையத்தில் தூக்கிக் கொடுப்பவருக்கும் அது உதவும்.

கார்த்திகை, மார்கழியில் வருபவர்களுக்குக் கூரைக் கரியர் அறவே வேண்டாம். வடகீழ்ப் பருவமழையில் மட்டைப்பெட்டி வவுனியா தாண்டுவதற்குள் கூழாகிவிடும்.

கட்டுநாயக்கவிலேயே பூட்டி ஓடத் தொடங்குவது

ஓடலாம். ஆனால் 2013 இல் திறந்த கொழும்பு–கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இல்லை. கொழும்புப் பக்கம் போவதென்றால் கைபேசி வரைபடம் அந்தப் பாதையைத்தான் முதலில் காட்டும். பழைய நீர்கொழும்பு வீதிதான் உங்கள் வீதி. பதினைந்து மணித்தியாலம் பறந்து வந்த உடம்போடு அந்த நெரிசலில் இறங்காதீர்கள். நீர்கொழும்பு பக்கத்தில்தான், ஒரு இரவு படுத்துவிட்டு விடிய வெளிக்கிடுங்கள்.

நாம் போகும் ரயிலிலேயே சைக்கிளும் வரும் என்று நினைப்பது

முதலாவது, கொழும்புக் கோட்டை ரயில் நிலையம் விமான நிலையத்துக்குத் தெற்கே, முப்பது கிலோமீற்றருக்கு மேல். வடக்கே வருவதற்காகத் தெற்கே போகிறீர்கள், பெட்டியை இரண்டு தடவை ஏற்றி இறக்குகிறீர்கள். இரண்டாவது, எல்லா ரயிலிலும் சாமான் ஏற்றும் பெட்டி கிடையாது. ஆசனத்துக்கு ரிக்கெற் எடுத்தால் சைக்கிளுக்கும் எடுத்ததாக ஆகாது. அது பார்சல் அலுவலகத்தில் தனியாகக் கொடுக்க வேண்டியது, வேறு ரயிலில் வந்து சேரவும் கூடும். 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம்வரை பாதை மறுபடி திறந்த நாளில் இருந்து யாழ்தேவி ரயிலில் வருவது பலருக்கு ஒரு ஆசை, எனக்கும்தான். ஆசைக்கு வாருங்கள். கொழும்பில் ஒரு நாள் தங்குபவர்கள் சைக்கிளை முதல்நாளே பார்சலில் கொடுத்துவிட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மறுநாள் கைவீசிக்கொண்டு ஏறலாம்.

இரவு பஸ்ஸை வழியில் மறிப்பது

மறிக்காதீர்கள். கொழும்பில் புறப்படும்போதே சாமான் அறை நிரம்பிவிடும். ஏறுகிறதென்றால் புறப்படும் இடத்தில், முதல் ஆளாக.

பலாலிக்கு நேரே வந்தால் சிக்கலே இல்லை என்று நம்புவது

பலாலியில் இருந்து யாழ் நகரம் 16 கிலோமீற்றர் அளவுதான், மேடு பள்ளம் இல்லாத நிலம், பட்டா என்ற சின்ன லொறி ஒன்றைப் பிடித்தால் பெட்டி எல்லாம் நிமிர்ந்தபடி வீட்டுக்கு வந்துவிடும். அதனால் ஆசைப்படுவது நியாயம். ஆனால் 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்ததில் இருந்து சென்னையில் இருந்து வருவது ஏ.ரி.ஆர். 72 என்ற சின்ன விமானம். பெரிய விமானத்தில் ஏறிய பெட்டி அதில் ஏறும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பெட்டியின் அளவை எழுதி, ஏற்றுவோம் என்ற பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே ரிக்கெற் எடுங்கள்.

இன்னொன்று: லண்டன்–சென்னை ஒரு ரிக்கெற், சென்னை–பலாலி வேறொரு ரிக்கெற் என்று தனித்தனியாக எடுத்தால், சாமானைச் சென்னையில் நீங்களே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டிவரும். அதற்குக் குடிவரவைத் தாண்டி வெளியே வர வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். சாமான் நிறை வரம்பும் இரண்டாவது ரிக்கெற்றில் குறைவாக இருக்கும். சைக்கிளுக்குச் சரி வருமா என்று பார்ப்பவர்கள் விசாவை மறந்துவிடுகிறார்கள்.

மின்சைக்கிள்

160 வாற்-மணிக்கு (Wh) மேற்பட்ட லிதியம் பற்றரி பயணிகள் விமானத்தில் ஏறாது. மின்சைக்கிள் பற்றரிகள் பெரும்பாலும் அதைவிடப் பெரியவை. கொண்டுவர வேண்டாம்.

பவர் பாங்கைச் சைக்கிள் பெட்டிக்குள் வைப்பது

கைப்பையில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை எறிவது

சைக்கிளைப் பூட்டி முடிந்ததும் பெட்டியை வெட்டிக் குசினிக்குப் பின்னால் போட்டுவிடுகிறார்கள். திரும்பிப் போவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது என்னிடம் பெட்டி கேட்கிறார்கள். புதுச் சைக்கிள் வந்த மட்டைப்பெட்டி நகரத்துக் கடைகளில் கிடைக்கும்தான், ஆனால் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் எடுத்து வைப்பார்கள், உங்கள் சைக்கிளின் அளவுக்கு வராமலும் போகலாம். பெட்டியின் ஒட்டுகளைப் பக்குவமாகப் பிரித்து, மடித்து, இடைத்தாங்கியையும் பஞ்சுத் துண்டுகளையும் ஒரு பையில் போட்டு அதோடு கட்டி வையுங்கள். நிலத்தில் வைத்தால் கறையான் ஏறும். ஒரு பழைய மேசைக்கு மேலே, சுவரில் முட்டாமல் வையுங்கள். திரும்பும் பயணத்துக்கு வான் பேசும்போது அதே அளவுகளை மறுபடி அனுப்புங்கள், இந்தமுறை வருவது வேறு வானாக இருக்கும்.