நடைபாதைக்குச் சாய்தளம் வேண்டுமா? மாநகர் மன்றத்துக்குக் கடிதம் எழுதுவது எப்படி

வாசலுக்கு எதிரே உள்ள நடைபாதையில் சக்கர நாற்காலி ஏறவில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றோருக்காகப் பதித்த மஞ்சள் ஓடுகள் மேல் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. மாநகர் மன்றம் நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் காது கேளாத தம்பி போக ஆசைப்படுகிறார். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் கடிதம் போதும், ஆனால் சரியாக எழுத வேண்டும். 'ஓகேயு (ஊனமுற்றோர்) வசதிகள் போதவில்லை, ஆவன செய்யவும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் வரும், அத்தோடு சரி.

1. இடம் யாருடையது என்று பாருங்கள்

கோலாலம்பூரில் நடைபாதை, பூங்கா, சந்தை, கோகேஎல் நகரப் பேருந்து எல்லாம் டிபிகேஎல், அதாவது கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் பொறுப்பு. எல்ஆர்டி ரயிலும் ரேபிட் பேருந்துகளும் பிரசரானா நிறுவனத்துடையவை. அங்கே லிஃப்ட் ஓடவில்லை என்று மேயருக்கு எழுதிப் பயனில்லை. பினாங்கில் தீவுக்கு எம்பிபிபி, பெருநிலத்துக்கு எம்பிஎஸ்பி என இரண்டு மாநகர் மன்றங்கள். பெருநிலத்தில் இருக்கும் பட்டர்வொர்த்துக்காரர், தீவில் எம்பிபிபி அலுவலகம் உள்ள கொம்தாருக்குக் கடிதம் அனுப்பினால் வீண் தாமதம்தான்.

கடைக்காரர் அஞ்சடியை (கடை முன்னுள்ள நடைவழியை) அடைத்துப் பொருள் அடுக்கியிருந்தாலும் மன்றத்துக்கே எழுதலாம். தனியார் கட்டடத்துக்குள் வசதி இல்லையென்றால் முதலில் கட்டட நிர்வாகத்திடம் கேளுங்கள். வரைபடத்துக்கு ஒப்புதல் தருவது மாநகர் மன்றம் என்பதாலும், ஒரே மாதிரிக் கட்டட விதிகளில் (யூபிபிஎல்) 34ஏ என்ற விதி ஊனமுற்றோருக்கான வசதி பற்றிப் பேசுவதாலும், நிர்வாகம் அசையாவிட்டால் மன்றத்திடம் போகலாம்.

2. புகாரா, கோரிக்கையா?

ஏற்கெனவே இருந்த ஒன்று உடைந்துவிட்டாலோ, யாராவது மறைத்து நின்றாலோ அது 'அடுவான்', அதாவது புகார். டிபிகேஎல்லின் அடுகேஎல் என்ற இணையப் புகார் தளத்தில் படத்தோடு போட்டுவிடுங்கள். மஞ்சள் ஓட்டை மறைக்கும் மோட்டார் சைக்கிள் இந்த வகை. அங்கே இதுவரை இல்லாத ஒன்றைக் கேட்பது 'பெர்மொஹோனான்', அதாவது கோரிக்கை. அதற்குக் கடிதம்தான் சரி. புதுச் சாய்தளம் வேண்டும் என்பதைப் புகார் பெட்டியில் போட்டால், 'அங்கே எதுவும் உடையவில்லை' என்று பார்த்துவிட்டு மூடிவிட வாய்ப்புண்டு.

3. அளந்து, படமெடுத்து வையுங்கள்

ஒரு அளவு நாடா, ஒரு கைப்பேசி போதும். நடைபாதை எத்தனை சென்டிமீட்டர் உயரம்? வழி எவ்வளவு அகலம்? மின்கம்பம், லோங்காங் (கால்வாய்) மூடி, பூந்தொட்டி எது இடைஞ்சல்? சாய்தளத்துக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு 1-க்கு 12. அதாவது 15 செ.மீ. உயரம் ஏற 180 செ.மீ. நீளம் வேண்டும். அவ்வளவு இடம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டால் 'இடமில்லை' என்ற பதிலுக்கு வேலையில்லாமல் போகும். நாற்காலி நின்றுபோகும் இடத்தை ஒரு படம், தூரத்திலிருந்து தெருவை ஒரு படம்.

4. கடிதம்

மலாயில் எழுதுங்கள். மலாய் சரளமாக வராதவர் வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம். மொழி எளிமையாக இருந்தாலே போதும். உள்ளடக்கம் ஏறக்குறைய இப்படி:

'பொருள்: (சாலைப் பெயர்) கிளினிக் எதிரே நடைபாதையில் சாய்தளம் அமைக்கக் கோரிக்கை. என் தாயார் சக்கர நாற்காலியில் இருக்கிறார், ஓகேயு அட்டை உள்ளவர். கிளினிக்குக்குப் போக இந்த நடைபாதையில்தான் ஏற வேண்டும். 15 செ.மீ. உயரம் இருப்பதால் ஏற முடியாமல், வண்டிகள் ஓடும் சாலையிலேயே நாற்காலியைத் தள்ளிச் செல்கிறோம். இவ்விடத்தில் சாய்தளம் அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வேலை முடியும்வரை தற்காலிக ஏற்பாடு ஒன்று செய்து தரவும். 2008-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் 26-ஆம் பிரிவு பொது வசதிகளைச் சமமாகப் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது. எழுத்து மூலம் பதில் வேண்டுகிறேன்.'

கீழே பெயர், முகவரி, தொலைபேசி எண். படங்களையும் ஓகேயு அட்டையின் நகலையும் இணையுங்கள். மருத்துவ அறிக்கை வேண்டாம். என்ன நோய் என்பது சாய்தளம் கட்டுபவருக்குத் தேவையில்லாத விஷயம். அந்தத் தற்காலிக ஏற்பாட்டு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெரிய வேலைக்கு நிதி ஒதுக்கீடு வரவேண்டும், சின்ன வேலையை அதிகாரி ஒருவரே முடிவு செய்துவிடலாம்.

சட்டத்தை ஒரு வரியோடு நிறுத்துவதற்கும் காரணம் உண்டு. இந்த ஊனமுற்றோர் சட்டம் (685-ஆம் சட்டம்) உரிமையைச் சொல்கிறதே தவிர, இயற்றப்பட்டபோது மீறுவோருக்குத் தண்டனை எதையும் வைக்கவில்லை. போதாததற்கு, 41-ஆம் பிரிவு அரசாங்கத்தை வழக்கிலிருந்து காக்கிறது. என்னைக் கேட்டால் அந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை அதுதான். அதை வைத்து மிரட்டினால் யாரும் பயப்படப் போவதில்லை. துல்லியமான கோரிக்கையை ஒதுக்கித் தள்ளுவது அதைவிடக் கடினம்.

கூட்டத்துக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் கேட்பதாக இருந்தால், அறிவிப்பு வந்த உடனேயே எழுதுங்கள். மலேசிய சைகை மொழியை இதே சட்டம் அங்கீகரிக்கிறது. கூட்டத்தின் தேதி, நேரம், எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

5. முத்திரை வாங்குங்கள்

இரண்டு நகல் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். டிபிகேஎல் தலைமையகம் ஜாலான் ராஜா லாவுட்டில் இருக்கிறது. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் 'சோப் தெரிமா', அதாவது பெற்றுக்கொண்ட முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். தேதியோடு அந்த முத்திரை இருந்தால்தான் அப்புறம் 'கடிதமே வரவில்லை' என்ற பேச்சுக்கு இடமிருக்காது. மின்னஞ்சலில் அனுப்பினால் பதிலில் வரும் எண்ணைக் குறித்துவையுங்கள்.

6. பதில் வராவிட்டால்

சில வாரம் பொறுத்து, அந்த எண்ணையோ முத்திரைத் தேதியையோ சொல்லிக் கூப்பிடுங்கள். எந்தப் பிரிவில், எந்த அதிகாரியிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு முத்திரை குத்திய நகலோடு மக்கள் பிரதிநிதியிடம் போகலாம். கோலாலம்பூரில் சட்டமன்றம் கிடையாது, ஆகவே நாடாளுமன்ற உறுப்பினர் சேவை மையம்தான். பினாங்கில் சட்டமன்ற உறுப்பினரும் உண்டு, மாநில அரசு நியமித்த மாநகர் மன்ற உறுப்பினர்களும் உண்டு. இந்த விஷயத்தில் பினாங்குக்காரர்களுக்குக் கதவு கொஞ்சம் அதிகம்.

'இது எங்கள் பொறுப்பல்ல' என்று பதில் வந்தால் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதே கடிதத்தில் முகவரியை மட்டும் மாற்றி, வந்த பதிலின் நகலையும் இணைத்து அந்த அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.