பைனாகுலர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி பிறந்ததும் புதுவையின் ஊசுட்டேரியிலும் பாகூர் ஏரியிலும் வலசைப் பறவைகள் வந்து இறங்கத் தொடங்குகின்றன. கூடவே, ‘பறவை பார்க்க எந்த பைனாகுலர் வாங்கலாம்?’ என்ற கேள்வியும் தொடங்கிவிடுகிறது. கேட்பவர்களில் ஆசிரியர்கள் உண்டு, கல்லூரி மாணவர்கள் உண்டு, பணி ஓய்வு பெற்றவர்கள் உண்டு. ஐயாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய்வரை ஒதுக்கி வைத்திருப்பார்கள். நடுத்தரக் குடும்பத்துக்கு அது யோசித்துச் செலவிட வேண்டிய பணம். அந்தப் பணத்துக்கு இருபது வருடம் உழைக்கும் கருவியும் கிடைக்கும், இரண்டாவது மழைக்காலத்தில் பரணுக்குப் போய்விடும் கருவியும் கிடைக்கும். இரண்டும் ஒரே அலமாரியில், ஏறக்குறைய ஒரே விலையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கண்ணுக்கு வந்து சேரும் வெளிச்சத்துக்குக் கொடுங்கள்.

பவர் மோகம்

பவர் கூடினால் பறவை நன்றாகத் தெரியும் என்று நம்புவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தலையானது. பைனாகுலரில் 8×42 என்று போட்டிருந்தால், 8 என்பது உருப்பெருக்கம். 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டர் கணக்கில். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 வருகிறது. கண் வைக்கும் பக்கத்தில் வெளியே வரும் ஒளிக்கற்றையின் விட்டம் அது. 20×50க்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், 2.5தான் வரும்.

நடுப்பகலில் நம் கண்பாவை 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கியிருக்கும். அதனால் கடை வாசலில் வெயிலில் நின்று பார்க்கும்போது இரண்டிலும் காட்சி பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் பறவை பார்க்கப் போகிறவர் நடுப்பகலிலா போகிறார்? மார்கழி விடியலில், பனி விலகாத நேரத்தில் ஏரிக்கரையில் நிற்கும்போது கண்பாவை 5 மில்லிமீட்டர் அளவுக்கு விரிந்திருக்கும். அந்த நேரத்தில் 8×42 தரும் வெளிச்சத்தில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் 20×50 தரும். நாமக்கோழிக்கும் நீலத்தாழைக்கோழிக்கும் வித்தியாசம் தெரியாமல் எல்லாம் கறுப்பு உருவங்களாக மிதக்கும்.

அடுத்தது கை நடுக்கம். யாருடைய கையும் முழுக்க அசையாமல் நிற்பதில்லை. 20 பவர் கருவி அந்த அசைவையும் 20 மடங்காக்கிக் காட்டும். ஏரி ஓரத்துச் சேற்றில் பச்சைக்காலியும் சதுப்பு உள்ளானும் பக்கத்தில் பக்கத்தில் மேயும்போது இது நன்றாகப் புரியும். இரண்டுக்கும் சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, பச்சை சாயலுள்ள நீண்ட கால்கள். பச்சைக்காலியின் அலகு அடிப்பகுதியில் தடித்து, நுனிப்பக்கம் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். சதுப்பு உள்ளானின் அலகு ஊசி போல மெலிந்து நேராக இருக்கும். அந்த மெல்லிய வளைவைக் கண்டுபிடிக்க அசையாத காட்சி வேண்டும். 8 பவரில் நிதானமாகத் தெரியும் அலகு, கையில் பிடித்த 20 பவரில் துள்ளிக்கொண்டே இருக்கும்.

பவர் ஏற ஏறப் பார்வைப் பரப்பும் சுருங்கிக்கொண்டே போகும். நல்ல 8 பவர் கருவியில் 1000 மீட்டர் தொலைவில் 120 முதல் 140 மீட்டர் அகலம்வரை தெரியும். 20×50ல் சுமார் 60 மீட்டர்தான். புதர் விட்டுப் புதர் தாவும் சின்னக் குருவியை அதற்குள் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்திருக்கும். வீராணம் போன்ற நீளமான ஏரியில் தொலைவில் இருக்கும் வாத்துக் கூட்டத்தைப் பார்க்கவாவது பெரிய பவர் உதவாதா என்று கேட்கலாம். வெயில் ஏறிய பிறகு நீர்ப்பரப்பின் மேல் காற்று அலையடிக்கத் தொடங்கிவிடும். பவரைக் கூட்டினால் அந்தக் கானலும் சேர்ந்துதான் பெரிதாகும். தொலைதூரக் கூட்டங்களை எண்ண வேண்டியவர்கள் முக்காலியில் பொருத்தும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி வைத்துக்கொள்கிறார்கள். அது வேறு கருவி, வேறு செலவு.

‘இது ராணுவ மாடல் சார், நிலாவில் இருக்கும் பள்ளம்கூடத் தெரியும்’ என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். நிலாவின் பள்ளங்கள் 8 பவரிலேயே தெரியும். கப்பல்களில் காலங்காலமாகப் பயன்படும் அளவு 7×50. ஆடும் தளத்தில் நின்று அதற்கு மேல் பார்க்க முடியாது என்பதே காரணம். பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் உட்கார்ந்து சுரபுன்னைக் கிளையில் இருக்கும் மீன்கொத்தியைப் பார்க்க முயன்றவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். 8×40 அல்லது 8×42 வாங்குங்கள். கை உறுதியாக இருக்கும், பெரும்பாலும் திறந்தவெளி ஏரிகளுக்குத்தான் போவேன் என்றால் 10×42 வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

பெட்டியில் 60×60, 100×180 என்றெல்லாம் அச்சிட்டிருந்தால் கையில் எடுக்காமலே வைத்துவிடுங்கள். கைக்கு அடங்கும் ஒரு பைனாகுலரில் அந்த எண்கள் உண்மையாக இருக்க வழியே இல்லை.

கவர்ச்சிக்காகச் சேர்த்தவை

ஜூம் பைனாகுலர் வேண்டாம். நகரும் லென்ஸ்கள் கூடுதலாக இருப்பதால் இரண்டு குழல்களும் ஒரே திசையில் நிற்பது கடினம். பார்வைப் பரப்பும் குறுகல். முன் லென்ஸ் செக்கச்செவேல் என்று மின்னும் மாடல்களும் வேண்டாம். அந்தப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் காட்சி நீலமும் பச்சையுமாகத் தெரியும். பறவையின் நிறத்தைப் பார்க்கத்தானே இவ்வளவு பாடு? ஃபோகஸ் செய்யவே தேவையில்லை என்று விற்கப்படும் வகை, தொலைவில் இருப்பதை மட்டும் ஓரளவு காட்டும், பத்தடியில் இருக்கும் தேன்சிட்டைக் காட்டாது.

இணையக் கடைகளில் தேடினால் ‘வேட்டைக்கானது’ என்ற முத்திரையோடு பச்சைத் திட்டு வண்ணம் பூசிய கருவிகள் வரிசையாக வரும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டைக்கு இடமில்லை. ஊசுட்டேரியே 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அந்த வண்ணத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. அதே பட்டியலில் துப்பாக்கி மேல் பொருத்தும் ஸ்கோப்பும் வரும். விலை குறைவாக இருக்கிறதே, பறவை பார்க்க இது போதாதா என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. துப்பாக்கி பின்னுக்கு உதைப்பதால் கண்ணிலிருந்து எட்டு, பத்து சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கும்படி அதைச் செய்திருப்பார்கள். நடுவில் குறுக்குக் கோடுகள் நிற்கும். கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாக்கும் வசதியும் பெரும்பாலானவற்றில் கிடையாது.

கண்ணாடியும் கடற்காற்றும்

பைனாகுலரின் உடலுக்குள் இருக்கும் பிரிசம் இரண்டு வகை. முன் லென்ஸ்கள் விலகி, குழல் வளைந்து வரும் பழைய தோற்றம் உள்ளது போரோ. இரண்டு நேர்க் குழல்களாக ஒல்லியாக இருப்பது ரூஃப். ரூஃப் பார்க்க நவீனமாக இருப்பதால் கை அதன்மேல்தான் போகும். ஆனால் ரூஃப் பிரிசத்தில் கூர்மையான காட்சி கிடைக்க உள்ளே சிறப்புப் பூச்சுகள் தேவை, அதற்குச் செலவாகும். விலை குறைந்த மாடல்களில் அந்தப் பூச்சுகளைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். ஆகவே பத்தாயிரத்துக்குள் வாங்குபவருக்கு, அதே விலையுள்ள ரூஃபை விடப் போரோ பெரும்பாலும் தெளிவாகக் காட்டும்.

இதில் நம் ஊருக்கு மட்டும் ஒரு சங்கடம் உண்டு. மலிவான போரோக்களில் பல, காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டவை அல்ல. கடலூரிலும் புதுவையிலும் ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கிறது. அந்த ஈரம் உள்ளே போய் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி இழை போல ஆரம்பித்துப் பரவி, லென்ஸின் பூச்சையே அரித்துவிடும். அதன் பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. கருவியோடு வந்த துணிப்பையில் போட்டுப் பீரோவுக்குள் வைப்பது இங்கே செய்யக்கூடிய மிக மோசமான காரியம். அந்தப் பையே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் கொஞ்சம் சிலிக்கா ஜெல்லும் போதும். நிறம் மாறும் மணிகளாகப் பார்த்து வாங்குங்கள். ஆரஞ்சு நிற மணிகள் ஈரம் ஏறியதும் பச்சையாக மாறும். மிதமான சூட்டில் காய வைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும், மறுபடி பயன்படுத்தலாம். இந்தச் சின்ன ஒழுங்கு உங்களிடம் உண்டென்றால் தைரியமாகப் போரோ வாங்குங்கள். மழையிலும் படகிலும் போவேன், வந்ததும் களைத்துப் படுத்துவிடுவேன் என்றால் நைட்ரஜன் நிரப்பி அடைக்கப்பட்ட ரூஃப் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுப்பதே லாபம். ‘தண்ணீர்த் துளி தாங்கும்’ என்பதும் ‘தண்ணீர் புகாது’ என்பதும் வேறு வேறு. பெட்டியில் எது எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் பயன்படுத்திவிட்டு வந்தால் லென்ஸில் உப்பும் பொடி மணலும் இருக்கும். சட்டை நுனியாலும் துப்பட்டாவாலும் துடைத்தால் கீறல் நிச்சயம். முதலில் ஊதும் பம்பால் தூசியை விரட்டி, பிறகு ஈரம் தொட்ட மென்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஏசி அறையில் தங்கிவிட்டு விடியலில் கிளம்புபவர்கள் கருவியைப் பையிலிருந்து உடனே எடுக்காமல் அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள், ஆவி படியாது.

கண்ணாடி அணிபவர்களுக்கு

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் பெரும்பாலும் கேட்காமல் விட்டுவிடும் அளவு ஒன்று உண்டு: கண் லென்ஸிலிருந்து கண்ணை எவ்வளவு தூரம்வரை தள்ளி வைத்து முழு வட்டத்தையும் பார்க்க முடியும் என்பது. 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கண்ணாடியோடு பார்க்கும்போது ஓரங்கள் வெட்டுப்பட்டுவிடும். விலை குறைந்த போரோக்கள் பலவற்றில் இது 12 அளவில்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வாங்குபவர்கள், இரண்டு குழல்களும் அவர்களுடைய கண் இடைவெளிக்கு நெருங்கி வருகின்றனவா என்று அவர்களையே பார்க்க வைத்து வாங்க வேண்டும்.

கடை வாசலில் செய்ய வேண்டியவை

பைனாகுலரைக் கையை நீட்டிப் பிடித்து வெளிச்சமான வானத்தை நோக்கிக் காட்டி, கண் லென்ஸில் தெரியும் ஒளிவட்டத்தைக் கவனியுங்கள். முழு வட்டமாக இருந்தால் நல்ல பிரிசம். ஓரம் வெட்டிச் சதுரமாகத் தெரிந்தால் அங்கே சிக்கனம் செய்திருக்கிறார்கள். முன் லென்ஸில் டியூப் லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரிந்தால் பூச்சு இருக்கிறது. பளீர் வெள்ளையாகத் தெரிந்தால் அந்தப் பரப்பில் பூச்சு இல்லை. பூச்சு இல்லாத ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே இப்படிப் பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். பழைய கருவி என்றால் செல்போன் டார்ச்சை முன்பக்கமிருந்து அடித்துப் பூஞ்சை இழை தெரிகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

பிறகு தெருவுக்கு வந்து தூரத்து மின்கம்பியைப் பாருங்கள். வலது கண் லென்ஸில் இருக்கும் திருகை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும்: வலது குழலை மூடி நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள், பிறகு இடது குழலை மூடி அந்தத் திருகால் வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இது தெரியாமலேயே நல்ல கருவியைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. இப்போது இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது கம்பி ஒன்றாகத் தெரிய வேண்டும். இரண்டாகப் பிரிந்தாலோ, ஐந்து நிமிடத்தில் நெற்றி வலித்தாலோ குழல்கள் நேராக இல்லை என்று பொருள். கிழக்கே கடல் இருக்கும் ஊர் இது, காலை நேரச் சோதனையில் குழல் சூரியன் பக்கம் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; கண்ணில் நிரந்தரக் காயம் ஏற்படும்.

இணையத்தில் வாங்கினால் இந்தச் சோதனைகளையெல்லாம் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், பெட்டியையும் பில்லையும் பத்திரமாக வைத்துக்கொண்டு செய்துவிடுங்கள். கம்பி இரண்டாகத் தெரிந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். வீட்டில் திருகுளியை வைத்துக்கொண்டு நிமிர்த்த முயன்றால் உத்தரவாதமும் போய்விடும்.