வாடகை ரசீது மட்டும் போதாது: ஹெச்.ஆர்.ஏ. சலுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி பிறந்தால் ஆபீஸிலிருந்து மெயில் வந்துவிடும், வாடகை ரசீது கொடுங்கள் என்று. கடையில் ரசீது புத்தகம் வாங்கி, பன்னிரண்டு மாதத்துக்கும் எழுதி, ஹவுஸ் ஓனரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று பலரும் இருந்துவிடுகிறார்கள். ரசீதுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: நீங்கள் பழைய வரி முறையா, புதிய வரி முறையா?

ஹெச்.ஆர்.ஏ. எனும் வீட்டு வாடகைப்படிக்கு வரிவிலக்கு பழைய முறையில் மட்டும்தான். 2023-24 நிதியாண்டிலிருந்து, எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் புதிய முறைக்குத்தான் போய்விடுவீர்கள். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பழைய முறைக்குத் தாவவும் வேண்டாம். 2025-26 நிதியாண்டில் சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவருக்கு, 12.75 லட்சம் ரூபாய் வரை புதிய முறையில் வரியே இல்லை. அவருக்கு ரசீது சேர்க்கும் அலைச்சலே தேவையில்லை. அதற்கு மேல் சம்பளம் வாங்குபவர்கள் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

அடுத்தது, கொடுத்த வாடகை முழுவதும் கழியும் என்ற நம்பிக்கை. மூன்று தொகைகளில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு. ஒன்று, கைக்கு வந்த ஹெச்.ஆர்.ஏ. இரண்டு, வாடகையிலிருந்து சம்பளத்தில் 10 சதவீதத்தைக் கழித்தால் வருவது. மூன்று, சம்பளத்தில் 50 சதவீதம். 2025-26 நிதியாண்டுக் கணக்கில் இது சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவில் குடியிருப்பவர்களுக்கு. கோவை, மதுரை போன்ற மற்ற ஊர்களுக்கு 40 சதவீதம். இங்கே சம்பளம் என்றால் பெரும்பாலானவர்களுக்கு அடிப்படைச் சம்பளமும், ஓய்வூதியப் பலன்களுக்குக் கணக்கில் சேரும் பஞ்சப்படியும்தான். மொத்தச் சம்பளத்தை வைத்துப் போட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

சென்னையில் இருக்கும் ஒருவருக்கு பஞ்சப்படி கிடையாது, அடிப்படைச் சம்பளம் மாதம் 80,000, ஹெச்.ஆர்.ஏ. 40,000, வாடகை 25,000 என்று வைத்துக்கொள்வோம். வாடகையில் 8,000 போனால் 17,000. மூன்றில் அதுதான் குறைவு. ஆக, வருடத்துக்கு 2,04,000 ரூபாய்க்கு விலக்கு. அவர் கொடுத்த வாடகையோ மூன்று லட்சம். ஹெச்.ஆர்.ஏ.வில் மாதம் 23,000 ரூபாய் வரிக்கு உட்படும். இது தெரியாமல் திட்டம் போட்டவர்களுக்கு மார்ச் மாதச் சம்பளத்தில் பெரிய தொகை பிடித்தமாகும்போதுதான் விஷயம் புரிகிறது.

இடையில் சம்பளம் உயர்ந்தாலோ வீடு மாறினாலோ அந்தந்த மாதங்களுக்குத் தனியாகக் கணக்கிட வேண்டும். அட்வான்ஸ், மெயின்டனன்ஸ், கரண்ட் பில் எதுவும் வாடகையில் சேராது.

வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஹவுஸ் ஓனரின் பான் எண்ணை ஆபீஸில் கொடுக்க வேண்டும். குடிவந்து ஒரு வருடம் கழித்துக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், வாடகையை ஏற்றுவேன் என்பார்கள். அக்ரிமென்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசிவிடுவதுதான் நல்லது; அக்ரிமென்டிலேயே எண்ணை எழுதி வாங்கிவிடுங்கள். அவருக்கு உண்மையிலேயே பான் இல்லை என்றால் பெயர், முகவரியுடன் அப்படி எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். வாடகையை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டைவிடப் பலமான சாட்சி கிடையாது.

அப்பா அம்மா பெயரில் இருக்கும் வீட்டில் குடியிருந்து அவர்களுக்கு வாடகை கொடுப்பது தவறே இல்லை. பணம் உண்மையாகவே அவர்கள் கணக்குக்குப் போக வேண்டும், அவர்களும் அதை வருமானமாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். வாடகை வருமானத்தில் அவர்களுக்கு 30 சதவீதம் கழிவும் உண்டு. கொடுக்காத வாடகைக்கு ரசீது எழுதுவது மட்டும் வேண்டவே வேண்டாம். போலிக் கழிவுகளைத் தேடி 2025 ஜூலை 14 அன்று நாடு முழுக்க 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. தவறாகக் கோரப்பட்ட சலுகைகளில் ஹெச்.ஆர்.ஏ.வும் இருந்தது. பொய்க் கணக்கு என்று உறுதியானால் வரியோடு அதில் 200 சதவீதம் வரை அபராதமும் விழும்.

மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டுகிறதா? அப்படியானால் டி.டி.எஸ்., அதாவது வாடகையிலிருந்தே வரியைக் கழித்து அரசுக்குக் கட்டும் தொகையை, பிடிக்க வேண்டியவர் நீங்கள்தான். 2024 அக்டோபர் முதல் இது 2 சதவீதம். 55,000 வாடகை என்றால் வருடத்துக்கு 13,200 ரூபாய். மார்ச் வாடகையில் மொத்தமாகப் பிடித்து, ஏப்ரல் 30-க்குள் அதற்கான ஃபார்ம் (2025-26 நிதியாண்டுக்கு 26க்யூசி) மூலம் கட்டிவிடலாம்.

சம்பளத்தில் ஹெச்.ஆர்.ஏ. என்ற பகுதியே இல்லாதவர்கள் சலுகை இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். 2025-26 நிதியாண்டுக்குப் பழைய முறையில் வருமான வரிச் சட்டத்தின் 80ஜிஜி பிரிவு அவர்களுக்கானது. மாதம் 5,000 ரூபாய் வரை கழிக்கலாம். வேலை பார்க்கும் ஊரில் உங்களுக்கோ கணவன், மனைவிக்கோ சொந்த வீடு இருக்கக் கூடாது. வருமான வரி ரிட்டர்னுக்கு முன் ஃபார்ம் 10பிஏ தாக்கல் செய்ய வேண்டும்.

ஆபீஸில் ரசீது கொடுக்கத் தவறியவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. ரிட்டர்னிலேயே விலக்கைக் கோரி, பிடித்த வரியைத் திரும்பப் பெறலாம். ஆபீஸில் புதிய முறை என்று சொல்லியிருந்தாலும், தொழில் வருமானம் இல்லாதவர் ரிட்டர்னில் பழைய முறைக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் கெடு தேதிக்குள், வழக்கமாக ஜூலை 31-க்குள், தாக்கல் செய்தால்தான் அந்த உரிமை. ஆகஸ்டில் தாமதக் கட்டணம் கட்டித் தாக்கல் செய்தாலும் புதிய முறைதான் பொருந்தும். கையில் எத்தனை ரசீது இருந்தாலும் அந்த வருடத்துக்கு விலக்கு கிடைக்காது.