தேயிலை மலையின் உருண்டைப் பாறைகளும் பனிக்கட்டியாறும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை மாதத்து விடியலில் புல்லின்மேல் வெண்மையாகப் படிந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும் துகள் உறைபனியைப் பார்த்து வளரும் நுவரெலியாப் பிள்ளைகளுக்குப் பனிக்கட்டியாற்றைப் பற்றிக் கற்பிக்கும்போது, முதல் இடறல் ‘பனி’ என்ற சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. மார்கழிப் பனி, பனிமூட்டம், உறைபனி என அனைத்தையும் அந்த ஒரு சொல்லால் குறிக்கிறோம். பனிக்கட்டியாறோ இவற்றுள் எதுவும் அன்று. பெய்த வெண்பனி கோடையிலும் உருகித் தீராமல் எஞ்சி, ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காக அமுங்கிக் கட்டியாகி, தன் பாரத்தாலேயே நகரத் தொடங்கும்போதுதான் அது பனிக்கட்டியாறாகிறது.

என்னை மிகவும் கவலைப்படுத்தும் தவறு வேறொன்று. கொழுந்து எடுப்பவர்கள் சுற்றிக்கொண்டு போகும் பெரிய உருண்டைப் பாறைகளைப் பனிக்கட்டியாறு உருட்டிவந்து போட்டது என்று உயர்தர மாணவர் சிலர் எழுதுகின்றனர். அவை எங்கிருந்தும் வந்தவை அல்ல. நிலத்தடியில் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கும் நீர், இரண்டு மூன்று பக்கங்களிலிருந்தும் தாக்கப்படும் மூலைகளை முதலில் சிதைப்பதால், நடுவிலுள்ள கடினப் பகுதி உருண்டையாக மிஞ்சுகிறது. சூழ்ந்திருந்த சிதைந்த மண்ணை மழை கழுவிச் சென்றபின் அது வெளியே தெரிகிறது. இத்தவறைச் செய்ததற்காக மாணவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை, ஏனெனில் பனியுகக் கோட்பாட்டை 1840இல் நூலாக வெளியிட்ட சுவிட்சர்லாந்து அறிவியலாளர் லூயி அகாசியே 1865இல் பிரேசிலுக்குச் சென்று, அங்குள்ள செம்மண்ணையும் அதில் புதைந்திருந்த உருண்டைப் பாறைகளையும் பனிக்கட்டியாற்றின் படிவுகள் என்று நம்பினார். அவையும் வெப்பவலயச் சிதைவின் விளைவுகளே என்பது பின்னர் தெளிவாயிற்று.

ஆகவே உருவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பாறை கீழுள்ள தாய்ப்பாறையின் இனத்தைச் சேர்ந்ததா, அதன் மேற்பரப்பு வெங்காயத் தோல்போல் உரிகிறதா என்று பார்க்க வேண்டும். பனிக்கட்டியாறு கொண்டுவந்த கல்லாயின் அது பெரும்பாலும் வேற்றினப் பாறையாக இருக்கும். உரசிய கீறல்களும் காணப்படலாம். அக்கீறல்களை இடுவது வெறும் பனிக்கட்டியன்று, அதன் அடியில் சிக்கி இழுபடும் கற்களே என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர்.

பள்ளத்தாக்குகளிலும் இதே குழப்பம் உண்டு. பனிக்கட்டியாறு அடியையும் பக்கங்களையும் சேர்த்துத் தேய்ப்பதால் அகன்ற தொட்டி வடிவம் உண்டாகிறது. நம் ஆறுகள் கீழ்நோக்கி அரிப்பதாலும், மண்சரிவுகள் பக்கங்களைச் சாய்ப்பதாலும் மலையகப் பள்ளத்தாக்குகள் ஒடுங்கிய அடியைக் கொண்டுள்ளன. டெவன், சென். கிளேயர் நீர்வீழ்ச்சிகளும் கடினப் பாறை விளிம்புகளில் ஆறுகள் விழும் இடங்களேயன்றி, பனிக்கட்டி செதுக்கிய தொங்கு பள்ளத்தாக்குகள் (பெரிய பள்ளத்தாக்கின் பக்கச் சுவரில் உயரத்தில் முடியும் கிளைப் பள்ளத்தாக்குகள்) அல்ல.

பனிக்கட்டியாறு ‘பின்வாங்குகிறது’ என்றால் அது மலையேறித் திரும்பிச் செல்வதாகப் பொருள் கொள்ள வேண்டாம். பனிக்கட்டி கீழ்நோக்கியே நகர்கிறது. அது வந்து சேர்வதைவிட விரைவாக முனை உருகுவதால் விளிம்பு மேலேறுகிறது.

ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிக் குளிர்க்கட்டத்தின் உச்சத்தில், உலகின் நிலப்பரப்பில் கால்பங்கு அளவையே பனிக்கட்டி மூடியிருந்தது. அப்போது வெப்பவலய மலைகளில் நிலைபனிக் கோடு, அதாவது வெண்பனி ஆண்டு முழுவதும் உருகாமல் நிற்கும் கீழெல்லை, சுமார் 1,000 மீற்றர் கீழிறங்கியபோதும், இலங்கையின் மிக உயர்ந்த மலையான 2,524 மீற்றர் பிதுருதலாகலையை அது எட்டவில்லை. இதைக் கொண்டு பனியுகம் நம் நாட்டைத் தொடவேயில்லை என்று எழுதுவதும் பிழையே. கண்டங்களின்மேல் நீர் பனிக்கட்டியாகத் தேங்கியதால் கடல் மட்டம் சுமார் 120 மீற்றர் தாழ்ந்து, ஆழமற்ற பாக்குநீரிணை நிலமாகி, இலங்கை இந்தியாவுடன் இணைந்திருந்தது. பருவமழையும் தளர்ந்தது; அந்த வறட்சியின் தடயம், ஹோர்ட்டன் சமவெளிச் சதுப்புகளின் கரிய படிவுகளில், அக்காலத்துச் செடிகளின் மகரந்தத் துகள்களாக இன்றும் அடுக்கடுக்காகக் கிடக்கிறது.