‘கரையைக் கடந்தது’ என்றதும் கலைந்து போகாதீர்கள்: சேலத்துத் தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கன்னங்குறிச்சியில், பேரிடர்ப் பணிக்குப் புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்தினேன். ஒரு புயல் உருவானதிலிருந்து வலுவிழந்தது வரை வந்த செய்திகளை வரிசையாகக் கையில் கொடுத்து, ஓடையோரக் குடும்பங்களை எப்போது மேட்டுக்கு அழைத்துச் செல்வீர்கள், எப்போது வீட்டுக்குத் திருப்பி அனுப்புவீர்கள் என்று எழுதச் சொன்னேன். முதல் கேள்விக்கு நல்ல விடைகள் வந்தன. இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலானோர் எழுதியது ஒரே வரி: ‘புயல் கரையைக் கடந்ததும் அனுப்பிவிடலாம்.’

தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றேன். அதே சொற்களைப் பல ஆண்டுகளுக்கு முன் ஓடைக்கரையில் நின்று நானும் சொல்லியிருக்கிறேன்.

டார்ச் வாங்கி வையுங்கள், ஆதார் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், கைப்பேசியைச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள் என்பதெல்லாம் எல்லாத் துண்டறிக்கைகளிலும் இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கரையைக் கடந்ததோடு முடிந்தது என்று நினைப்பது

புயல் என்றால் கடலோரத்துக்காரர்களின் கவலை என்ற எண்ணம் நம் பக்கத்தில் ஊறிப்போயிருக்கிறது. தொலைக்காட்சியில் கடலூர் அலைகளையும் நாகப்பட்டினத்துப் படகுகளையும் காட்டுவார்கள். கடலிலிருந்து 150 கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து நாம் பார்த்துக்கொண்டிருப்போம். ‘புயல் கரையைக் கடந்தது’ என்று திரையின் அடியில் எழுத்து ஓடியதும் அணைத்துவிட்டுப் படுத்துவிடுவோம்.

பயிற்சியில் ஒரு தம்பி எழுந்து கேட்டார்: “வலுவிழந்தது என்று வானிலை மையமே சொல்கிறதே, அண்ணா?” சொல்கிறது, உண்மைதான். எது வலுவிழந்தது என்று பார்க்க வேண்டும். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால் புயல். அதற்குக் கீழே இறங்கினால் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50க்கும் கீழே போனால் வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். இந்தப் பெயர்கள் எல்லாமே காற்றின் வேகத்தை வைத்துச் சூட்டப்படுபவை. மழைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. கடலில் வாரிக்கொண்டு வந்த ஈரம் அப்படியே மேலே இருக்கிறது. அது மேற்கே நகர்ந்து வந்து ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன் மலைகளில் முட்டி மேலெழும்புகிறது. மேலே போகப் போகக் குளிர்ந்து கொட்டுகிறது. கடலோரத்தில் கூரையைப் பிய்த்த அதே புயல், நம்மிடம் ஓடை வழியாக வந்து சேர்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்தபின் ஓடி மறையவில்லை. மணிக்கணக்கில் அசையாமல் நின்றது. மறுநாள் மாலை திருவண்ணாமலையில் மலையடிவாரக் குடியிருப்பில் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது. கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஊர் அது. ஏற்காட்டில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மலைப்பாதையில் மண்ணும் பாறையும் விழுந்து போக்குவரத்து நின்றது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. இவை எல்லாமே ‘கரையைக் கடந்த’ பிறகு நடந்தவை.

இது ஒரு முறை நடந்துவிட்ட விதிவிலக்கு என்று யாரும் ஒதுக்க வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, புதுக்கோட்டை, திண்டுக்கல் வரை மரங்களைச் சாய்த்துக்கொண்டு போய்க் கொடைக்கானல் மலையிலும் உயிர்களைப் பறித்தது. 2017இல் ஒக்கி கன்னியாகுமரியில் கரையைக் கடக்கவே இல்லை; கடலோடு நகர்ந்தபடியே அந்த மாவட்டத்தைச் சிதைத்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை பெய்தபோது பெயர் வைக்கப்பட்ட புயல் எதுவுமே இல்லை. வெறும் வளிமண்டலச் சுழற்சி. கரையைக் கடக்கும் நேரத்தை வைத்து மாநிலத்தின் ஆபத்தை அளப்பது எவ்வளவு பொருந்தாத வேலை என்பதற்கு இதற்கு மேல் என்ன சொல்வது?

இனி என் கதை. ஒரு கார்த்திகை மாதம், மலையிலிருந்து மூக்கனேரிப் பக்கம் இறங்கும் ஓடைகளில் ஒன்றின் கரையிலிருந்த ஒன்பது குடும்பங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தோம். அன்று பகலில் புயல் கரையைக் கடந்ததாகச் செய்தி வந்தது. மாலையில் வானம் வெளுத்து, வெயில்கூட எட்டிப் பார்த்தது. இரண்டு கறவை மாடு வைத்திருந்த ஒரு அக்கா, “போகலாமா தம்பி? மாட்டுக்குத் தீவனம் வைக்க வேண்டும்” என்று கேட்டார். “போங்கள் அக்கா, கடந்துவிட்டது” என்றேன். ஏற்காட்டில் யாரையும் அழைத்துக் கேட்கவில்லை. மேலே மதியத்திலிருந்தே விடாமல் பெய்துகொண்டிருந்ததாம்.

இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் வந்தது. ஆட்கள் எல்லோரும் தப்பினார்கள். தப்பியதில் என் பங்கு எதுவும் இல்லை. ஒருவர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மார்பளவு நீரில் நடந்து வந்தார். விடிந்ததும் அந்த அக்காவின் தொழுவத்துக்குப் போனேன். சுவரில் என் கழுத்து உயரத்தில் சேற்றுக்கோடு. மாடுகள் இரண்டும் கட்டுத்தறியிலேயே கிடந்தன. கயிறு அறுபடவில்லை, முளை பிடுங்கப்படவில்லை. அவிழ்த்து விட்டிருந்தால் நீந்திக் கரையேறியிருக்கும். அந்த அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கயிற்றை மட்டும் அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டார்.

அதனால்தான் இந்த ஒரு தவற்றைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. புதியவர்கள்மீது அல்ல, ‘புயல் ஆபத்து நீங்கியது’ என்று கரையைக் கடந்த பத்தாவது நிமிடத்தில் மாநிலம் முழுவதற்கும் செய்தி பரப்புகிறவர்கள்மீது.

செய்ய வேண்டியது இதுதான். கரையைக் கடந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து நம் 48 மணி நேரத்தைத் தொடங்குங்கள். வலுவிழந்த புயலின் எச்சம் எந்தப் பக்கம் நகர்கிறது, நிற்கிறதா, ஊர்கிறதா என்று வானிலை மையத்தின் ஒவ்வோர் அறிக்கையிலும் பாருங்கள். கள்ளக்குறிச்சி, தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல் ஆகியவற்றுக்கான எச்சரிக்கை தொடர்கிறதா என்று பாருங்கள். மலைமேல் இருக்கும் இரண்டு பேரிடம் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பேசுங்கள். மேலே மழை நின்று, ஓடையும் வடிந்து, ஓர் இரவு கழிந்த பிறகே வீட்டுக்கு அனுப்புங்கள். மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போகிறவரோடு கூடவே ஒருவர் போங்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டு வாருங்கள்.

ஒரு நாள் கணக்கை மட்டும் பார்ப்பது

மழைமானியில் காலை 8.30 மணிக்கு அளவெடுக்கிறோம். அந்த அளவு அன்றைய தேதியில்தான் ஏறும். ஆகவே ‘டிசம்பர் 2 மழை’ என்று பதிவேட்டில் இருப்பதில் பெரும்பகுதி டிசம்பர் 1 பகலிலும் இரவிலும் பெய்தது. இதைப் புரிந்துகொள்ளாமல், எந்த மழைக்கு எந்த ஓடை எத்தனை மணி நேரத்தில் பெருகியது என்று கணக்குப் போட்டால் ஒரு நாள் தள்ளிப்போகும்.

இதைவிடப் பெரியது, முந்தைய நாட்களைக் கூட்டாமல் விடுவது. முதல் நாள் 8 செ.மீ., மறுநாள் 9, மூன்றாம் நாள் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் எண் சிறியது. மலைச்சரிவோ அந்த மூன்றாம் நாள்தான் இறங்கும். ஒரு மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 10 செ.மீ. பெய்தால் ஒரு ஏக்கர் காப்பித் தோட்டத்தில் நான்கு லட்சம் லிட்டர் விழுந்திருக்கிறது என்று பொருள்; 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் முப்பத்து மூன்று லாரி. அதில் ஓடியது போக மீதி மண்ணுக்குள் இருக்கிறது. பாறைமேல் போர்த்திய மண் அந்த எடையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. சாலைக்காகவும் விடுதிக்காகவும் அடிவயிற்றை வெட்டிய சரிவு என்றால் எவ்வளவு நேரம் நிற்கும்?

என் நோட்டில் ‘இன்று’ என்ற பத்திக்குப் பக்கத்தில் ‘மூன்று நாள் கூட்டு’ என்று இன்னொரு பத்தி போட்டிருக்கிறேன். மலையில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கூட்டு ஏறிக்கொண்டே போகும் நாளில், சரிவின் அடியில் இருக்கும் அறையில் படுக்காதீர்கள். நேராக நின்ற சவுக்கு மரம் சாய்ந்திருந்தால், தரையில் புது வெடிப்பு ஓடினால், கதவு திடீரென்று நிலையில் இறுகினால், மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். கிளம்புங்கள்.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறம் என்று கொள்வது

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் மாவட்டத்துக்குக் கொடுக்கப்படுகின்றன. நம் மாவட்டத்தில் ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. மஞ்சள் என்று அறிவித்த நாளில் எடப்பாடியில் தூறலும் மலையில் கனமழையும் பெய்வது வழக்கமான செய்தி.

மேலே பெய்வது மேலேயே நிற்பதும் இல்லை. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து நகரத்தின் நடுவே ஓடுகிறது. சரபங்கா அதே மலையிலிருந்து ஓமலூர் வழியாக இறங்குகிறது. நகரத்தில் குடை தேவைப்படாத மாலையில் ஆற்றோரத் தெருக்களுக்குள் தண்ணீர் வருவது இதனால்தான். உங்கள் தலைக்கு மேலிருக்கும் வானத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மலை தெரிகிறதா என்று பாருங்கள். மேகம் மூடி மலை மூன்று மணி நேரம் தெரியவில்லை என்றால், தொலைபேசியை எடுங்கள்.

மேட்டூரை உள்ளூர் மழையோடு சேர்த்துப் பார்ப்பது

காவிரி வெள்ளத்துக்கும் நம் மழைக்கும் பெரும்பாலும் தொடர்பு இருக்காது. குடகிலும் வயநாட்டிலும் பெய்து, கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பினால் இங்கே வெயில் காயும்போதே ஆறு பெருகும். 2024 ஜூலை 30 அன்று மேட்டூர் அணை 120 அடியை எட்டியது. விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெளியேறியது. நான்கே நாளில் ஆடிப்பெருக்கு. புதுத் தாலிச்சரடோடும் முளைப்பாரியோடும் படித்துறைக்கு வரும் குடும்பங்களிடம் ஆபத்தைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். நீர்வரத்து எண்ணை முதல் நாளே ஊருக்குள் சொல்லிவிடுங்கள். படித்துறையில் நின்று சொன்னால் எடுபடாது.

தரைப்பாலத்தில் தண்ணீர்

கடக்காதீர்கள். பஸ் போனது என்பதற்காகவும் கடக்காதீர்கள்.

சித்திரை இடி

இடி காதில் கேட்டால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். மாமரத்தடி ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள்.

அழைக்க வேண்டிய எண்

மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070. சுவரில் எழுதி வையுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்தால் போதாது.

மழையில் ஓடை குறைந்தால் நிம்மதி அடைவது

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், தோட்ட வேலையில் முதுமை அடைந்த ஒரு பாட்டி. மலையில் ஒரு மழை நாளில் ஓடையோரம் நின்றிருந்தோம். காலையிலிருந்து முழங்கிக்கொண்டிருந்த தண்ணீர் கண்முன்னே இறங்கியது. பாறைகளின் முதுகு தெரிந்தது. “வடிகிறது பாட்டி” என்றேன். அவர் குனிந்து ஒரு கை நீரை அள்ளிப் பார்த்தார். டிகாஷன்போல் இருந்தது, உள்ளங்கையில் மண் தங்கியது.

“மழை குறையவில்லையே கண்ணு, தண்ணீர் ஏன் குறைகிறது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மேட்டை நோக்கி ஏறத் தொடங்கினார். மேலே மண்ணும் மரமும் விழுந்து ஓடையை அடைத்திருந்தன. நாங்கள் ஏறி முடித்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த அடைப்பு உடைந்து, நாங்கள் நின்றிருந்த இடத்தின் வழியாகப் போனது.